வேடந்தாங்கலுக்கு ஒரு நாள், குடும்பத்தோடு: வருஷா வருஷம் என்னிடம் கேட்கிற கேள்விகள்

குரோம்பேட்டையில் இருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது வேடந்தாங்கல் போய்வருவது எங்கள் வீட்டில் பழக்கமாகிவிட்டது. அது வெளியே தெரிந்ததிலிருந்து, கார்த்திகை பிறந்தால் போதும், சித்தப்பா வீடு, மாடி வீடு, பிள்ளைகளோடு படிக்கிறவர்களின் அம்மாக்கள் என்று ஃபோன் வர ஆரம்பித்துவிடும். எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அதனால் அவரவர் கேட்ட விதத்திலேயே எழுதி, பதிலையும் போட்டு வைக்கிறேன். இனிமேல் யாராவது கேட்டால் இதை அனுப்பிவிடுவேன்.

வேடந்தாங்கல் எங்கே இருக்கு? சென்னையிலிருந்து ரொம்ப தூரமா?

செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகம் பக்கம். சென்னை நகரத்திலிருந்து எண்பது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். ஜி.எஸ்.டி. சாலையில், அதாவது சென்னையிலிருந்து திருச்சி போகிற நெடுஞ்சாலையில், தாம்பரம், பரனூர் சுங்கச்சாவடி, செங்கல்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலம் கடந்து, படாளம் கூட்டுரோட்டில் வலது பக்கம் திரும்ப வேண்டும். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கிராமத்துச் சாலை. இரண்டு பக்கமும் வயல், நடுநடுவே சின்ன ஏரிகள்.

அந்தக் கடைசிப் பத்து கிலோமீட்டரை விரட்டிக்கொண்டு போகாதீர்கள். வயலில் நின்று மேய்கிற நாரைகளை அங்கேயே பார்த்துவிடலாம். அது ஏன் முக்கியம் என்று கீழே வருகிறது.

எந்த மாசம் போகணும்? பொங்கல் லீவுல போகலாமா?

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிய பிறகுதான் பறவைகள் வந்து சேரும். நவம்பரில் வர ஆரம்பித்து, டிசம்பரிலிருந்து மார்ச் வரை கூடு, முட்டை, குஞ்சு என்று ஏரி நிறைந்திருக்கும். ஏப்ரலில் குஞ்சுகளுக்குச் சிறகு முற்றி, கூட்டம் கலைய ஆரம்பித்துவிடும். என்னைக் கேட்டால் ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் ஒரு நாள். குஞ்சுகள் இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

பொங்கல் விடுமுறையில் போகலாம், ஆனால் காணும் பொங்கலன்று வேண்டாம். அன்றைக்கு ஏரிக்கரையில் பறவையைவிட மனிதத் தலைதான் அதிகம். வார நாளில் ஒரு நாள் லீவு போட முடிந்தால் அதைவிட நல்லது கிடையாது.

இந்த வருஷம் பறவை வந்திருக்கா இல்லையான்னு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கிறது?

மழையைப் பார்த்துத்தான். அக்டோபர், நவம்பரில் செங்கல்பட்டு பக்கம் ஏரிகள் நிரம்பின என்று செய்தி வந்தால் நம்பிக் கிளம்பலாம். ஏரி நிரம்பாவிட்டால் பறவை தங்காது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 2016இல் பருவமழை பொய்த்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அடுத்த ஜனவரியில், யோசிக்காமல், பெங்களூரிலிருந்து வந்த மச்சினன் குடும்பத்தையும் சேர்த்து இரண்டு கார் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த தரை, மேலே வெறும் மரம். "பறவைகள் சரணாலயம்னு சொன்னீங்களே, பறவை எங்க மாமா?" என்று மச்சினன் மகள் கேட்டாள். இன்னும் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். தப்பு என்னுடையது, ஏரியுடையது இல்லை.

காலையில போறது நல்லதா, சாயங்காலமா?

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, ஆனால் இதைக் கேட்பவர்கள் குறைவு. பெரும்பாலோர் நிதானமாக டிபன் சாப்பிட்டுக் கிளம்பி, பதினொன்றரைக்கு வந்து இறங்கி, ஒன்றரைக்குக் கிளம்பிப் போய், "ஏதோ கொஞ்சம் கொக்கு இருந்துச்சு" என்பார்கள். அந்த நேரத்தில் பெரிய பறவைகளில் பாதி ஊரிலேயே இருக்காது. இரை தேடிப் போயிருக்கும்.

காலை ஆறு மணிக்கு வாசலில் நில்லுங்கள், எட்டரை வரை இருங்கள். அல்லது மதியம் மூன்றரைக்கு வந்து மூடும் வரை இருங்கள். இரண்டில் எது என்றால், சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சாயங்காலத்தைத்தான் சொல்வேன். விடியற்காலை நாலரைக்குப் பிள்ளைகளை எழுப்பிக் குளிக்கவைத்துக் கிளப்பினால் போய்ச் சேரும்போது எல்லாருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும். சாயங்காலம் அப்படியில்லை. நாலரையிலிருந்து நாலாபக்கமும் பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். எங்கே பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

எங்ககிட்ட கார் இல்ல. பஸ், ரயில்ல போய்ட்டு வர முடியுமா?

முடியும். கடற்கரை–செங்கல்பட்டு மின்சார ரயிலில் செங்கல்பட்டு வரை வந்து, அங்கிருந்து பஸ். மதுராந்தகத்திலிருந்தும் வேடந்தாங்கலுக்கு பஸ் உண்டு. ஆனால் கிராமத்து பஸ் அடிக்கடி வராது. இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் போகிறவர்களுக்குக் காலைதான் சரி. நாலைந்து பேர் என்றால் செங்கல்பட்டிலோ மதுராந்தகத்திலோ ஆட்டோவைப் போகவர, காத்திருக்கவும் சேர்த்துப் பேசிக்கொண்டு சாயங்காலமும் பார்க்கலாம்.

டிக்கெட் எவ்வளவு? எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?

காலை 6 முதல் மாலை 6 வரை. நுழைவுக் கட்டணம் ஒரு குடும்பத்துக்குச் சுமையாக இருக்காது. கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். தொகையை அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால் இங்கே எழுதவில்லை, வாசல் பலகையில் இருப்பதுதான் கணக்கு. சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும்.

உள்ளே போட்டிங் இருக்கா? பசங்க விளையாட என்ன இருக்கு?

போட்டிங் கிடையாது. பறவைகள் கூடு கட்டியிருக்கிற ஏரியில் படகு விட்டால் அப்புறம் பறவை எதற்கு வரும்? படகுதான் வேண்டும் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடும் முதலியார்குப்பமும் இருக்கின்றன, அங்கே போய்விடுங்கள்.

இங்கே இருப்பது ஒரு ஏரி, அதன் கரைமேல் நடைபாதை, உட்காரப் பெஞ்சுகள், ஒரு கண்காணிப்புக் கோபுரம். அவ்வளவுதான். இதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள். பார்க் என்று சொல்லிவிட்டுக் கூட்டிப் போனால் சறுக்குமரம் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

என் பையனுக்கு அஞ்சு வயசு. பத்து நிமிஷத்துல போரடிக்குதுன்னு அழுவான். என்ன பண்றது?

எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். ஒரு தாளில் எட்டு மூக்கு வரைந்து கொடுத்துவிடுவோம். கரண்டி மாதிரி ஒன்று, அரிவாள் மாதிரி ஒன்று, நடுவில் இடைவெளி விட்ட ஒன்று, கீழே பை தொங்குகிற ஒன்று, இப்படி. எந்த மூக்கு எங்கே தெரிகிறதோ டிக் அடிக்க வேண்டும். பறவையின் பெயர் தெரியத் தேவையில்லை. என் அக்கா பேரன் நாலு வயதில் ஒன்றரை மணி நேரம் இதில் ஓட்டினான்.

இன்னொன்று, கூட்டில் நடக்கிற சண்டையைக் காட்டுங்கள். ஒரு நாரை குச்சி எடுத்துவரும், பக்கத்துக் கூட்டுக்காரர் அதைத் திருடுவார், முதல் நாரை திரும்பி வந்து தேடும். பிள்ளைகளுக்கு இது உடனே புரிந்துவிடும், வீட்டில் தினமும் நடப்பதுதானே.

பாட்டிக்கு முட்டி வலி. ரொம்ப நடக்கணுமா? படி ஏறணுமா?

கரை சமமாகத்தான் இருக்கும். முழுக்க நடந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கொஞ்ச தூரம் போய் நிழலாக ஒரு பெஞ்சைப் பார்த்துப் பாட்டியை உட்காரவைத்துவிட்டால் போதும், பறவைகள் எதிரிலேயே இருக்கும். கோபுரத்துக்குத்தான் படி. அதில் ஏறாவிட்டால் பெரிதாக ஒன்றும் போய்விடாது.

கழிப்பறை வாசல் பக்கம்தான். உள்ளே நடந்த பிறகு திரும்பி வருவது பெரியவர்களுக்குச் சிரமம், அதனால் போகும்போதே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சாப்பாடு அங்கே கிடைக்குமா, கட்டிக்கிட்டுப் போகணுமா?

வாசலில் சின்னக் கடைகள் இருக்கும். டீ, பிஸ்கட், சுண்டல் மாதிரி கிடைக்கும். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும்படி பெரிய ஹோட்டல் எதிர்பார்க்காதீர்கள். காலையில் போகிறவர்கள் இட்லியோ மிளகாய்ப்பொடி தடவிய தோசையோ கட்டிக்கொள்ளலாம். சாயங்காலம் போகிறவர்கள் மதியச் சாப்பாட்டை மதுராந்தகத்திலோ நெடுஞ்சாலையிலோ முடித்துக்கொண்டு வரலாம். எங்கள் வீட்டில் புளியோதரையும் தயிர்சாதமும், தொட்டுக்கொள்ள வடகம். வருஷா வருஷம் மாறாது.

சாப்பிடுவதை வெளியே வண்டி நிறுத்துமிடத்தின் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கரைமேல் உட்கார்ந்து பொட்டலம் பிரிக்க வேண்டாம். பிளாஸ்டிக் பையைக் கொண்டுபோகவே வேண்டாம். வாழையிலையில் கட்டினால் சாதமும் மணக்கும்.

பைனாகுலர் வாங்கித்தான் ஆகணுமா? ஃபோன்ல ஜூம் பண்ணிப் பாத்துக்க மாட்டோமா?

ஃபோன் ஜூமில் வெள்ளைப் புள்ளிகள்தான் தெரியும். கூடுகள் ஏரிக்குள் நிற்கிற மரங்களில் இருக்கின்றன, கரையில் இல்லை. பைனாகுலர் அவசியம் வேண்டும். ஆனால் இந்த ஒரு நாளுக்காக வாங்க வேண்டாம். சீசனில் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

வாங்குவதானால் 8x42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள், எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும். பத்து மடங்கு, இருபது மடங்கு பெருக்கிக் காட்டும் என்று விற்பவற்றில் கை நடுக்கமும் அதே அளவு பெருகும், பிள்ளைகளால் ஒன்றையும் பார்க்க முடியாது. நாலு பேருக்கு ஒன்று போதாது, இரண்டு இருந்தால்தான் வீட்டில் சமாதானம்.

எல்லாம் கொக்கு மாதிரியே இருக்கே! எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மூக்கைப் பாருங்கள், பாதி வேலை முடிந்தது. சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, கறுப்புச் சிறகு, மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிகிற மூக்கு என்றால் நத்தைகுத்தி நாரை. அந்த இடைவெளி நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை இழுக்கத் தோதானது. மஞ்சள் மூக்கு, மயிரில்லாத ஆரஞ்சு முகம், வால் பக்கம் ரோஜா நிறம் என்றால் மஞ்சள்மூக்கு நாரை, சங்குவளை நாரை என்றும் சொல்வார்கள். கூட்டத்திலேயே அழகு அதுதான். தட்டைக் கரண்டி மாதிரி மூக்கு இருந்தால் கரண்டிவாயன். வெள்ளை உடம்பில் கறுப்புத் தலையும் வளைந்த மூக்கும் என்றால் அரிவாள்மூக்கன். மூக்குக்குக் கீழே பை என்றால் கூழைக்கடா. அது பறக்கும்போது மட்டும் பாருங்கள், அவ்வளவு பெரிய உடம்பை எவ்வளவு நிதானமாகத் தூக்கிக்கொண்டு போகிறது என்று.

கறுப்பில் இரண்டு. நீர்க்காகம் ஒன்று. கழுத்து மட்டும் பாம்பு மாதிரி நீண்டு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் அது பாம்புத்தாரா. இரண்டுமே மூழ்கி மீன் பிடிக்கும், சிறகு நனைந்துவிடும். அதனால்தான் கரையேறியதும் சிறகை விரித்துக் காயவைக்கின்றன. என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு "கொடியில வேட்டி போட்ட மாதிரி" என்றார், அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதன் பெயரே வேட்டிதான்.

தண்ணீரிலேயே மிதந்துகொண்டு, கறுப்பு உடம்பும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக இருப்பது நாமக்கோழி. எட்டிப் பார்ப்பதற்குள் முங்கிவிடுகிற குட்டி உருவம் முக்குளிப்பான். பகலெல்லாம் மரத்துக்குள் கழுத்தை ஒடுக்கித் தூங்கி வழிவது வக்கா. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

இதெல்லாம் ஆஸ்திரேலியா, சைபீரியாவிலிருந்து முட்டை போட வருதாமே?

அப்படித்தான் நானும் பள்ளிக்கூடத்தில் கேட்டேன். உண்மை அது இல்லை. இங்கே கூடு கட்டுகிற நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் நம் நாட்டுப் பறவைகள்தான். தண்ணீரும் இரையும் இருக்கிற இடத்தைத் தேடி ஊர் ஊராக இடம் மாறுகிறவை.

தொலைதூரத்திலிருந்து வருகிற விருந்தாளிகளும் உண்டு. ஊசிவால் வாத்து, தட்டைவாயன் வாத்து, நீலச்சிறகி போன்ற வாத்துகள் வட ஆசியப் பக்கமிருந்து குளிருக்குப் பயந்து வருகின்றன. அவை இங்கே முட்டையிடுவதில்லை. வெயில் காலத்தில் திரும்பிப் போய் அங்கேதான் குஞ்சு பொரிக்கும். கூட்டில் இருந்தால் நம்மூர்க்காரர், கூடில்லாமல் மிதக்கிற வாத்தில் பெரும்பாலும் வெளியூர்க்காரர். பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் போதும்.

நாட்டுல இவ்வளவு ஏரி இருக்கே, இந்த ஒரு ஏரிக்கு மட்டும் ஏன் வருது?

ஏரி சின்னதுதான், சுமார் 30 ஹெக்டேர். ஆனால் நடுவில், தண்ணீருக்குள்ளேயே மரங்கள் நிற்கின்றன. ஊரில் கடப்ப மரம் என்பார்கள், மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் அழுகாது. கருவேல மரங்களும் உண்டு. சுற்றிலும் தண்ணீர் என்பதால் பூனையோ கீரியோ கூட்டை எட்ட முடியாது. கோட்டைக்கு அகழி மாதிரி. ஏரி வற்றினால் அகழியும் போயிற்று. தண்ணீர் இல்லாவிட்டால் பறவை தங்காது என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. இத்தனை ஆயிரம் வயிற்றுக்கும் இந்த ஏரியின் மீன் போதாது. ஏரி இவற்றுக்குப் படுக்கையறைதான், சமையலறை சுற்றுவட்டார வயல்களும் ஏரிகளும். படாளத்திலிருந்து வரும் வழியில் மெதுவாக வாருங்கள் என்றது இதற்காகத்தான். மதியத்தில் ஏரி காலியாகத் தெரிவதும் சாயங்காலம் நிரம்புவதும் இதனால்தான்.

வேடன் பேரை வெச்சுக்கிட்டு பறவைச் சரணாலயமா? இது எப்ப ஆரம்பிச்சது?

பெயர் அப்படித்தான். தாங்கல் என்றால் சின்ன ஏரி. வேட்டையாடுகிறவர்கள் வந்துபோன இடம் என்று பெயருக்குக் காரணம் சொல்வார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டில் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள் என்பதும், 1798 வாக்கில் கலெக்டர் லயோனல் பிளேஸ் இங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார் என்பதும் சரணாலயத்தின் வரலாறாகச் சொல்லப்படுகிறது. 1936இல் சரணாலயமாக அங்கீகாரம், 1962இல் வனச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு, 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், இடம்.

ஆனால் இந்தத் தேதிகளுக்கெல்லாம் முன்னால் கலெக்டரிடம் போனவர்கள் விவசாயிகள். அவர்களுக்குப் பறவைமேல் பாசம் மட்டும் காரணமில்லை, கணக்கும் இருந்தது. பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம். அந்தத் தண்ணீர் பாய்கிற வயலில் வாங்கிப் போடும் உரம் குறைவு என்று இன்றும் ஊரில் சொல்வார்கள். சரணாலயம் என்ற வார்த்தையைக் கேட்டதும் வேலியும் காக்கிச் சட்டையும் நமக்கு நினைவுக்கு வருகிறது. இங்கே முதலில் வந்தது ஊர்க்காரர்களின் மனு.

ரொம்ப நாத்தம் அடிக்கும்னு சொல்றாங்களே?

காற்று உங்கள் பக்கம் வீசினால் அடிக்கும். மீன், எச்சம், ஈரமண் எல்லாம் கலந்த வாடை. பத்து நிமிஷத்தில் மூக்கு பழகிவிடும். மரங்கள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருப்பதும் அதே எச்சத்தால்தான். அதன் மகிமையை மேலே படித்துவிட்டீர்கள், மூக்கைப் பொத்திக்கொள்ளாதீர்கள்.

கல்ல விட்டா, கைதட்டினா எல்லாம் ஒண்ணா பறக்குமே, வீடியோ நல்லா வருமே?

இதை ஒரு படித்த மனிதர்தான் கேட்டார். வேண்டாம். கூட்டிலிருந்து தாய்ப்பறவை எழும்பிய அந்த ஐந்து நிமிஷத்தில் காக்கை வந்து முட்டையைத் தூக்கும், உச்சி வெயிலில் குஞ்சு வாடும். வெயில் ஏறினால் நாரை சிறகை விரித்துக் குஞ்சுக்குக் குடை பிடித்து நிற்பதைப் பைனாகுலரில் பாருங்கள், கையைத் தட்டத் தோன்றாது. டிரோனும் கூடாது, அது சட்டப்படியே தடை. பாட்டுப்பெட்டி, ஊதல், அலறுகிற சிவப்புச் சட்டை எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

குஞ்சு ஒண்ணு கரையில விழுந்து கிடந்தா எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் காப்பாத்தலாமா?

எடுக்காதீர்கள். அங்கே இருக்கிற வனத்துறை ஊழியரிடம் இடத்தைக் காட்டுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். காட்டுப் பறவையை வீட்டுக்குக் கொண்டுபோவது சட்டப்படி குற்றம். நாரைக் குஞ்சுக்கு இட்லி ஊட்டிக் காப்பாற்றவும் முடியாது.

பக்கத்துல வேற என்ன பாக்கலாம்? ஒரு நாளை முழுசா நிரப்பணும்.

மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயில். கதை தெரிந்துகொண்டு போனால் இன்னும் நன்றாக இருக்கும். மதுராந்தகம் பெரிய ஏரி மழைக்காலத்தில் அடிக்கடி உடையுமாம். அப்போதைய கலெக்டர், இந்தத் தடவை ஏரி உடையாமல் இருந்தால் தாயார் சன்னதித் திருப்பணியைச் செய்து தருகிறேன் என்றாராம். பெருமழை பெய்த இரவில் கரையைப் பார்க்கப் போனவர், வில்லேந்திய இரண்டு பேர் காவல் நிற்பதைக் கண்டார் என்பது கதை. ஏரி உடையவில்லை, அவர் சொன்னபடி சன்னதியைக் கட்டிக்கொடுத்தார். யார் அந்த கலெக்டர்? மேலே பறவைகளுக்காக எழுதிக் கொடுத்த அதே பிளேஸ் துரைதான். ஒரே நாளில் அவர் கைபட்ட இரண்டு இடத்தையும் பார்த்துவிடலாம்.

கோயில்கள் மதியத்தில் நடை சாத்திவிடும். அதனால் சாயங்காலம் ஏரி என்றால், காலையில் கோயில், பிறகு மதியச் சாப்பாடு, அப்புறம் வேடந்தாங்கல். காலையில் ஏரி என்றால் எட்டரைக்குக் கிளம்பிக் கோயிலுக்குப் போய்விடலாம். நேரம் இருந்தால் மேல்மருவத்தூரும் அதே சாலையில்தான்.

கரிக்கிளின்னு இன்னொரு இடம் இருக்காமே, அது நல்லாருக்குமா?

வேடந்தாங்கலிலிருந்து பத்து கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அதுவும் பறவைகள் சரணாலயம், அதுவும் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வேடந்தாங்கலில் மரமும் கூடும் என்றால், கரிக்கிளியில் திறந்த தண்ணீரில் மிதக்கிற வாத்துகளைப் பார்க்க வசதி. கூட்டம் இருக்காது, கடை கண்ணியும் இருக்காது. பெரிய பிள்ளைகள், பறவைப் பித்து உள்ளவர்கள் என்றால் கட்டாயம் போங்கள். கைக்குழந்தையோடு முதல் தடவை வருகிறவர்களுக்கு வேடந்தாங்கல் போதும்.

சரணாலயத்தை சுருக்கப் போறாங்கன்னு ஒரு சமயம் பேச்சு இருந்துச்சே? ஏரிய விட்டுட்டு வெளியதானே சுருக்குறாங்க, அதுல என்ன?

1998இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவித்தார்கள். 2020இல் அதை மூன்று கிலோமீட்டராக்கும் யோசனை வந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. "ஏரி அப்படியே இருக்குமே" என்று அப்போது எங்கள் அலுவலகத்திலேயே சிலர் கேட்டார்கள். படுக்கையறை, சமையலறை என்று மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள். சமையலறையை இடித்துவிட்டுப் படுக்கையறையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டால் அந்த வீட்டில் யார் குடியிருப்பார்கள்?

தம்பி குடும்பம் அமெரிக்காவிலிருந்து ஜூன்லதான் வருது. அப்ப கூட்டிட்டுப் போகலாமா?

வேண்டாம். மச்சினன் மகள் கேட்டதையே உங்கள் தம்பி பிள்ளைகளும் கேட்பார்கள். ஜூனில் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போங்கள், செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. வேடந்தாங்கலைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு தடவை கிறிஸ்துமஸ் லீவில் வரச் சொல்லுங்கள். டிக்கெட் விலை அதிகம்தான், என்ன செய்வது.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோடு நகராதே. அஞ்சு மணிக்கே கிளம்பிடலாமா?

ஐந்து மணிக்குக் கிளம்பினாலும் செங்கல்பட்டிலிருந்து பெருங்களத்தூர் வரை ஊர்ந்துதான் வரப்போகிறீர்கள். பேசாமல் ஆறு வரை இருந்துவிட்டு, செங்கல்பட்டில் நிதானமாக டிபன் சாப்பிட்டு, சாலை கொஞ்சம் காலியானதும் வாருங்கள். பிள்ளைகள் காரில் தூங்கிவிடும்.

அதோடு, ஐந்து மணிக்குக் கிளம்பினால் வக்காவைத் தவறவிடுவீர்கள். இருட்டத் தொடங்கும் நேரம், வாசலை மூடப் போகிறோம் என்று ஊழியர் கரையில் நடந்து வருவார். நாரைகளும் கொக்குகளும் அரிவாள்மூக்கன்களும் வரிசை வரிசையாக உள்ளே வந்து இறங்கி, கிளைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். அப்போது பகலெல்லாம் தூங்கிய வக்காக்கள் ஒவ்வொன்றாக எழும்பி, தலைக்கு மேலே "க்வாக்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு வயல் பக்கம் கிளம்பும். என் மகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் நைட் ஷிப்ட்.